கொவல்ஸ்கா தெரு, எண் 11

போலந்தின் லூப்லின் நகரில் ஆண்டுதோறும் ஏப்ரல் 19 அன்று ஹெனியோவுக்குக் கடிதம் போடுகிறார்கள். 2005இல் தொடங்கிய வழக்கம் இது. ஒன்பது வயதில் நாஜிகள் கொன்ற யூதச் சிறுவன் அவன். உறையில் எழுத வேண்டிய முகவரி: ஹெனியோ ஜிதோமிர்ஸ்கி, கொவல்ஸ்கா தெரு 11, லூப்லின். வேலைக்காக இந்த ஊருக்கு வந்த நானும் எழுதினேன். கேட்ட நண்பர்களுக்காக அந்த அனுபவம்.

இதை நடத்துவது க்ரோட்ஸ்கா வாயில் என்ற பழைய நகர வாயிலில் உள்ள என்என் தியேட்டர் என்ற பண்பாட்டு மையம். போருக்கு முன் லூப்லினில் ஏறக்குறைய 43,000 யூதர்கள் இருந்தார்கள், ஊரில் மூன்றில் ஒரு பங்கு. ஆளுக்கொரு கோப்பு என்று அலமாரி அலமாரியாக அந்த மையத்தில் அடுக்கியிருக்கிறார்கள். ஹெனியோ பற்றி இவ்வளவு தெரியவந்ததற்குக் காரணம், போருக்கு முன்பே பாலஸ்தீனம் போய்விட்ட அவன் அப்பாவின் சகோதரர். குடும்பப் படங்களும் கடிதங்களும் அவரிடம்தான் பிழைத்தன.

1933 மார்ச் 25இல் பிறந்தவன். வருஷத்துக்கு ஒரு படமாவது எடுத்திருக்கிறார்கள். கடைசிப் படம் 1939 ஜூலை 5, கடைத்தெருவில் ஒரு வங்கி வாசலில் எடுத்தது. செப்டம்பர் 1 அன்று ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டியவன். ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்ததும் அன்றுதான். 1942 வசந்தத்தில் லூப்லின் யூதர்களில் பெரும்பாலோரைப் பெவ்ஜெட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். அதில் தப்பிய அவனும் அப்பாவும் மைதான் ததார்ஸ்கி கெட்டோவில், அதாவது யூதர்களை ஒதுக்கி வைத்த குடியிருப்பில், அடைக்கப்பட்டார்கள். நவம்பர் 9 அன்று அதையும் காலிசெய்து மைதானெக் வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் அன்றைக்கே விஷவாயு அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மைதானெக் ஊரை ஒட்டியே இருக்கிறது, டவுன் பஸ்ஸில் போய்விடலாம். அங்கே ஒரு கொட்டகையில் முகாமில் அடைபட்ட குழந்தைகளைப் பற்றிய கண்காட்சி இருக்கிறது. நான்கு பிள்ளைகளின் கதை. ஹெனியோ மட்டும்தான் உயிர் தப்பாதவன். அதைப் பார்த்துவிட்டு வந்த கையோடு எழுதிய கடிதம் முழுக்கத் தேதியும் எண்ணிக்கையுமாக இருந்தது. அவன் பட்டதை அவனுக்கே பாடம் எடுக்கிறேனா? கிழித்துப்போட்டேன். அடுத்ததில் மன்னிப்புக் கேட்டிருந்தேன். யார் சார்பில் கேட்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை, அதையும் கிழித்தேன். 2009இல் ஃபேஸ்புக்கில் அவன் பெயரில், அவனே பேசுவதுபோல ஒரு பக்கம் நடத்தினார்கள். நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் வாயில் நம் வார்த்தையை வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

பிறகு அந்தப் படங்களை மட்டும் எதிரில் வைத்துக்கொண்டு எழுதினேன். உனக்கு முதல் பல் எப்போது விழுந்தது, பள்ளிக்குப் பை வாங்கிவிட்டார்களா, படம் எடுக்கும்போது யாரைப் பார்த்துச் சிரித்தாய் என்று கேட்டேன். எங்கள் மாடியில் குடியிருக்கும் ஒன்றாம் வகுப்புப் பையன் படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்குவதையும் சொன்னேன். போலிஷில் பிள்ளைக்கு எழுதும் அளவுக்கு எனக்குச் சரளம் இல்லை. உள்ளே தமிழ், உறையில் மட்டும் போலிஷ்.

அவன் நின்ற அதே வங்கி வாசலில் அன்று தபால்பெட்டி வைத்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் தள்ளுமுள்ளு செய்துகொண்டிருந்தார்கள், ஆசிரியை அதட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது.

எழுத விரும்புகிறவர்கள் முதலில் படங்களைப் பாருங்கள், மைதானெக்குக்குப் போவது அதற்கு அப்புறம் இருக்கட்டும். உறையில் அனுப்புநர் முகவரி கட்டாயம் வேண்டும். சில வாரங்களில் 'முகவரியாளர் தெரியவில்லை' என்ற முத்திரையோடு கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவருவார். அப்படித் திரும்பி வரவேண்டும் என்பதுதான் ஏற்பாடே.