கன் குடிக்கும் காற்று: மாருதி 800-க்கு வீட்டில் பெயிண்ட் அடிக்கக் கம்ப்ரசர் தேடிய அனுபவம்

அப்பா 1996-இல் எடுத்த மாருதி 800. டி.என். 23 பதிவு, வெள்ளை நிறம். வேலூர் சத்துவாச்சாரி வீட்டு போர்ட்டிகோவில் வேப்ப மரத்துக்குக் கீழே நின்று நின்று பானட்டும் கூரையும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டன. கையால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் வேலையைப் போன வருஷமே முடித்துவிட்டதால், இந்த ஆடியில் பெயிண்டையும் நானே அடிப்பது என்று இறங்கினேன். அதே வெள்ளைதான் அடிக்கிறேன். நிறம் மாறினால் ஆர்.சி. புக்கிலும் மாற்ற வேண்டும், அந்த அலைச்சல் வேண்டாம்.

துரு சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மூன்று வாரம். அதில் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை, கை வலிதான். நான் நிஜமாகத் திணறியது கம்ப்ரசரில், அதாவது பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னுக்குக் காற்றை அமுக்கித் தரும் மெஷினில். வீட்டில் பெயிண்ட் அடிக்க நினைக்கிற பலரும் அதே இடத்தில்தான் நிற்பார்கள் என்பதால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மச்சானிடம் இருந்த சின்ன கம்ப்ரசரைக் கொண்டுவந்தேன். 24 லிட்டர் டேங்க், ஒன்றரை எச்.பி., ஆயில் இல்லாத ரகம். மோட்டாரும் பம்ப்பும் நேராக இணைந்தது, பெல்ட் கிடையாது. கன் நான் வாங்கியது: எச்.வி.எல்.பி. (அதிகக் காற்று, குறைந்த அழுத்தத்தில் அடிக்கும் ரகம்), பெயிண்ட் வரும் வாய் 1.4 மில்லிமீட்டர் நாசில். பானட்டைக் கழற்றி இரண்டு ஸ்டூல் மேல் வைத்து பிரைமர் அடிக்க ஆரம்பித்தேன். முதல் மூன்று வீச்சு பட்டு மாதிரி விழுந்தது. நாலாவது வீச்சு பாதி போகும்போதே கன்னின் சத்தம் மாறியது. 'ஸ்ஸ்' என்று சீராக வந்துகொண்டிருந்தது 'ஃபூ' என்று இளைத்தது. விசிறி மாதிரி விரிந்த பெயிண்ட் நடுவில் சுருங்கி, துளித் துளியாகத் தெறித்தது. பிரஷர் முள் 3 கிலோவில் (சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தம்) நிற்கிறது, கம்ப்ரசர் வீடே அதிர ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றரை நிமிஷம் காத்திருந்து மறுபடி அடித்தால், அதற்குள் முன்பு அடித்த ஓரம் காய்ந்திருக்கிறது. புது பிரைமர் அதன்மேல் சொரசொரவென்று உட்கார்ந்தது. பானட் முடிந்தபோது ஒரு பாதி வழவழப்பு, மறுபாதி ஆரஞ்சுப் பழத் தோல்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கன் அட்டையில் 12 சி.எஃப்.எம். என்று போட்டிருந்தது. நிமிஷத்துக்கு 12 கன அடி காற்று. ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆக நிமிஷத்துக்கு 340 லிட்டர். டேங்க் 24 லிட்டர்தான். பிரஷர் ஒரு கிலோ இறங்கினால் ஏறக்குறைய ஒரு டேங்க் அளவு காற்று வெளியே வரும், ஆக 8 கிலோவில் நிரம்பி 4 கிலோவுக்கு இறங்கும்வரை அது தரக்கூடிய காற்று 24-ஐ நான்கால் பெருக்கினால் 96 லிட்டர். கம்ப்ரசர் தன் பங்குக்கு நிமிஷத்துக்கு 85 லிட்டர் போடும் என்று வைத்தாலும், பற்றாக்குறை 255 லிட்டர். 96 லிட்டர் கையிருப்பு 23 விநாடியில் தீர்ந்துவிடும். என் மூன்றரை வீச்சுக்கு ஆன நேரமும் ஏறக்குறைய அதேதான். கன்னிலோ கையிலோ பிழை இல்லை, காற்றே இல்லை.

அடுத்த ஞாயிறு மேல்விஷாரம் போனேன். தோல் ஃபினிஷிங்கில் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்ப்ரே வேலை பார்த்த ஒரு பாய் அங்கே இருக்கிறார், தெரிந்தவர் மூலம் பழக்கம். நம் பக்கத்தில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் என்று எங்கே திரும்பினாலும் தோல் தொழில்தான். தோலுக்கு நிறமும் பளபளப்பும் ஏற்றுவதும் இதே கன்னால்தான் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. 2 எச்.பி. வாங்குவதா 3 எச்.பி. வாங்குவதா என்று கேட்டேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"கன்னு எவ்வளவு குடிக்கும்னு முதல்ல சொல்லு தம்பி. மாடு வாங்காம தொட்டி கட்டுவியா?"

அந்த ஒரு கேள்வியில் என் தேடலே தலைகீழானது. அதுவரை கம்ப்ரசரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்குக் கன் தேடிக்கொண்டிருந்தேன். உண்மையில் கன்தான் முதலில். எச்.வி.எல்.பி. கன் 10 முதல் 15 சி.எஃப்.எம். வரை கேட்கும். அதைத் தொடர்ந்து கொடுக்க 4, 5 எச்.பி. கம்ப்ரசர் வேண்டும், அதற்கு த்ரீ ஃபேஸ் வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ். எல்.வி.எல்.பி. என்று குறைந்த காற்றில் ஓடும் இன்னொரு ரகம் இருக்கிறது. அதற்கு 4 முதல் 6 சி.எஃப்.எம். போதும். விசிறி கொஞ்சம் சின்னது, கை கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டும். நாளைக்கு நாலு கார் அடிக்கும் கடைக்கு அது சரிப்படாது. ஒரு காரை ஒரு மாதம் வைத்து அடிக்கிற எனக்கு அது போதும். 1.3 நாசிலில் ஒன்று வாங்கினேன்.

இப்போது கேள்வி தெளிவானது: 5 சி.எஃப்.எம். நிஜமாகத் தரும் கம்ப்ரசர். 'நிஜமாக' என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தகட்டில் போடும் எண் பெரும்பாலும் பிஸ்டன் இழுக்கும் அளவு. வெளியே வரும் காற்று வேறு. சின்ன கம்ப்ரசர்களில் இழுப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் டேங்குக்கு வந்து சேரும். 1 எச்.பி.க்கு 3 சி.எஃப்.எம். என்று மனதில் வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டோம்.

புதிது வாங்கும் வசதி இல்லை. மூடிய ஒரு டயர் கடையிலிருந்து பழையது ஒன்று ஆற்காட்டில் விற்பனைக்கு இருந்தது. 2 எச்.பி., இரண்டு சிலிண்டர், பெல்ட் டிரைவ், 160 லிட்டர் டேங்க். தகட்டில் 8.8 சி.எஃப்.எம். பாயையும் கூட்டிக்கொண்டு போனேன்.

டேங்கை முழுக்கக் காலி செய்துவிட்டு ஓடவிட்டோம். போன் ஸ்டாப்வாட்ச் என் கையில். 0-விலிருந்து 7 கிலோ ஏற 6 நிமிஷம் 50 விநாடி. 160-ஐ ஏழால் பெருக்கினால் 1120 லிட்டர், நிமிஷத்துக்கு 164 லிட்டர், அதாவது 5.8 சி.எஃப்.எம். ஆனால் காலி டேங்கில் காற்று சுலபமாக ஏறும். நாம் பெயிண்ட் அடிக்கும்போது பம்ப் முழு பிரஷருக்கு எதிராக உழைக்கிறது. அதனால் 5-லிருந்து 7 கிலோவுக்கு ஆகும் நேரத்தைத் தனியாகக் குறித்தேன்: 2 நிமிஷம் 10 விநாடி. 320 லிட்டரை அதால் வகுத்தால் 148 லிட்டர், 5.2 சி.எஃப்.எம். தகட்டில் 8.8, கைக்கு வருவது 5.2. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

பாய் பார்த்தது வேறு. அவுட்லெட் வால்வைத் திறந்து, பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அதன் முன்னால் ஒரு நிமிஷம் பிடித்தார். தாளைச் சாய்த்து வெயிலில் காட்டினார். இரண்டு மூன்று இடத்தில் மிகச் சின்ன மஞ்சள் புள்ளி, காற்றோடு வந்த ஆயில். "பிஸ்டன் ரிங்கு கொஞ்சம் தேஞ்சிருக்கு. மாத்திடலாம். தாள் நனைஞ்சிருந்தா விட்டுட்டு வந்திருப்பேன்" என்றார். ஆயில் ஒரு துளி பெயிண்டில் கலந்தால்கூட அந்த இடத்தில் பெயிண்ட் விலகி மீன் கண் மாதிரி குழி விழும். அப்புறம் சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துப் பார்த்தார். டேங்கின் அடி வயிற்றை ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போனார். துரு அரித்துத் தகடு மெலிந்த இடத்தில் சத்தம் மொத்தையாகக் கேட்குமாம், எங்கும் அப்படி இல்லை. பழைய டேங்க் வாங்கும்போது இதில் மட்டும் அவசரம் கூடாது. வெடித்தால் உயிர் போகும். எனக்குச் சந்தேகம் விடவில்லை, அதனால் டேங்கில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதித்துத் தரும் ஒரு பட்டறையில் அதையும் செய்துகொண்டேன். கம்ப்ரசர் 16,500, ரிங் செட்டும் டெஸ்டும் சேர்த்து இன்னொரு 2,300. குட்டி யானையில் ஏற்றி வீடு வந்தது.

வந்த அன்றே எம்.சி.பி. (கரண்ட் கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தது. மாற்றிப் பார்த்தும் விழுந்தது. மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகி நின்றுவிடும். பழைய மோட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். காரணம் 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர். உள்ளே இருந்தது 1 சதுர மில்லிமீட்டர் கம்பி. போக வர 40 மீட்டர், 0.7 ஓம் தடை. 2 எச்.பி. மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் 50 ஆம்பியர் வரை போகும். அந்த நொடியில் ஒயரிலேயே 35 வோல்ட் காணாமல் போகிறது. மாலையில் எங்கள் தெருவில் 200-க்குப் பக்கத்தில் நிற்கும் வோல்டேஜில் இதையும் கழித்தால் மோட்டார் எப்படித் திரும்பும்? போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயரைத் தனியாக இழுத்து, மோட்டார் கிளம்பும் நொடி கரண்டைத் தாங்கும் சி ரக 20 ஆம்பியர் எம்.சி.பி. போட்டு, எர்த்தும் சரி பார்த்ததும் ஒரே தட்டில் கிளம்பியது. கம்ப்ரசரைப் பக்கச் சந்தில் வைத்து, நீளத்தைக் காற்று போகும் ஓஸில் கூட்டிக்கொள்ள வேண்டும், ஒயரில் கூட்டக் கூடாது. சந்தில் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தின்னர் ஆவி நிறைந்த இடத்தில் பிரஷர் சுவிட்சின் பொறி ஒன்று போதும், தீப்பிடிக்க.

ஓஸ் விஷயத்திலும் ஒரு பாடம். சுருள் சுருளாக இருக்கும் மெல்லிய ஓஸை முதலில் மாட்டினேன். ரெகுலேட்டரில் 2 கிலோ, கன் பக்கத்தில் ஒரு சின்ன கேஜ் போட்டு டிரிகரை அழுத்திப் பார்த்தால் 1.2. 10 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள நேர் ஓஸுக்கு மாறியதும் 1.9. பிரஷரை எப்போதும் கன்னில், டிரிகரை அழுத்தியபடியே பார்க்க வேண்டும்.

பெயிண்ட் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தான் எடுத்தேன். பி.யு. (பாலியூரித்தேன்) அடித்தால் பளபளப்பும் ஆயுசும் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் பி.யு. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் வாழ்நாள் முழுக்க ஆஸ்துமாவோடு இருக்க வேண்டிவரும். வாசனையை வைத்து எச்சரிக்கையாக இருக்கவும் முடியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடிதான் அதற்குச் சரி. ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் தெருவில், உள்ளே அம்மாவும் குழந்தையும் இருக்கும்போது அது வேண்டாம் என்று முடிவெடுத்தேன். என்.சி.க்கும் கரி ஃபில்டர் போட்ட மாஸ்க் கட்டாயம். அது சில நிமிஷத்தில் காய்ந்துவிடுவதால் தெருப் புழுதி ஒட்டுவது குறைவு, வீட்டுக்கு அது ஒரு வசதி.

ஆவணி கடைசியில் இடது பக்கக் கதவுகளை அடித்தேன். முந்தின சாயங்காலம் இடியோடு நல்ல மழை, காலையில் புழுக்கம். இரண்டாம் கோட்டில் ஊசி குத்தினது போல் சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஓஸைக் கழற்றி உள்ளங்கையில் ஊதினேன், கை ஈரமானது. டேங்க் அடியில் உள்ள டிரெயினைத் திறந்தால் டீத்தண்ணீர் நிறத்தில் கொட்டியது. 30 டிகிரியில், இப்படிப் புழுக்கமான நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராமுக்கு மேல் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. அதை 8 கிலோவுக்கு அமுக்கி ஆற விட்டால் பெரும்பகுதி தண்ணீராக இறங்கிவிடும். என் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு டம்ளர்.

தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் போட்டிருந்தேனே, அது ஏன் பிடிக்கவில்லை? டேங்க் வாயிலேயே மாட்டியிருந்தேன், அதுதான் பிழை. அங்கே காற்று சூடாக இருக்கிறது. தண்ணீர் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிப் போய், ஓஸில் ஆறி, கன்னுக்குள் துளியாகிறது. முதலில் ஆற வேண்டும், அப்புறம் ஃபில்டர். தாமிரக் குழாய் 6 மீட்டர் வாங்கிச் சுருளாக வளைத்து, தண்ணீர் நிரப்பிய டிரம்முக்குள் இறக்கி, காற்றை அதன் வழியாக அனுப்பினேன். ஃபில்டரை அதற்கு அப்பால் மாட்டினேன். முதல் நாள் அரை மணி நேரத்தில் ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. ஓஸை ஊதிப் பார்த்தேன், கை காய்ந்தே இருந்தது. தினமும் வேலை முடிந்ததும் டேங்க் டிரெயினைத் திறந்துவிடுகிறேன்.

இதுவரை பானட், டிக்கி, இரண்டு ஃபெண்டர், வலது பக்கக் கதவுகள் முடிந்தன. கூரையைத்தான் பயந்து பயந்து தள்ளிப்போட்டேன். ஓரம் காய்வதற்குள் இரண்டு பக்கமும் சுற்றி வந்து ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். போன ஞாயிறு காலை 7 மணிக்குத் தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு ஆரம்பித்தேன். ஒரு கோட்டுக்கு ஏழு நிமிஷம் ஆனது. இடையில் ஒரு தடவைகூட கன்னின் சத்தம் மாறவில்லை. முடித்துவிட்டுச் சந்துக்குப் போய்ப் பார்த்தேன், முள் 6 கிலோவில் நின்றது. மூன்று கோட்டும் அப்படியே போயின.

இடது பக்கக் கதவுகளைத் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். அப்புறம் ஒரு மாதம் நன்றாக இறுக விட்டு, 1500 உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து பாலிஷ் காம்பவுண்ட் போடுவேன். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துவிடும் என்பதால், கதவுகள் இந்த வாரமே.