எட்டரை மணி நேரத்தில் கதிர்காமம்

"அங்கே போய் என்னத்தைப் பார்க்கப் போறீங்க?" என்று கேட்டார், கப்பலில் எங்களோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவர். மறுநாள் காலை இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம். அங்கிருந்து நாங்கள் கதிர்காமம் முருகன் கோயிலுக்குப் போவதாக இருந்தோம். அவர் குடும்பத்தோடு யால காட்டுக்கு ஜீப் பதிவு செய்திருந்தார்.

"ஒரு திரை தொங்கும். அதைப் பார்ப்போம்" என்றாள் அத்தை, தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே.

அவர் சிரித்தார். அத்தை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கதிர்காமத்தில் கண்ணால் பார்க்க மூலவர் கிடையாது. கருவறை வாசலில் திரை தொங்கும். மயிலும் வள்ளி தெய்வானையுமாக முருகன் அந்தத் திரையில்தான் ஓவியமாக நிற்கிறான். அதற்குப் பின்னால் பேழைக்குள் அறுகோண யந்திரம் இருக்கிறது. உள்ளே போகிறவர் கப்புறாளை என்று சொல்லப்படும் பூசகர் ஒருவர்தான். நம் ஊர்க் கோயில்களைப் போல அபிஷேகம், அலங்காரம், தீபாராதனை என்று காட்டுவதெல்லாம் இல்லை. ஆடி உற்சவத்தில் யானைமேல் ஏறி வள்ளியம்மன் கோயிலுக்குப் போகும்போதுகூட அந்தப் பேழையைத் திறப்பதில்லை.

அருணகிரிநாதர் பாடிய தலம் என்பது அத்தைக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். எழுபத்தாறு வயதில், முழங்கால் வலியோடு, கப்பலுக்கு வரச் சம்மதித்ததே இந்த ஒரு துறைமுகத்துக்காகத்தான். எனக்குத்தான் முடிவெடுக்க மூன்று நாள் ஆயிற்று.

சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் ஓடத் தொடங்கியது 2023 ஜூனில். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள். பின்னிரண்டிலும் யோசிக்கவே வேண்டாம். திருகோணமலையில் கோணேசர் ஊருக்குள்ளேயே, பிரட்ரிக் கோட்டைக்குள் கடல் பார்த்த பாறைமேல் இருக்கிறார். காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலை நகுலேஸ்வரம் கூப்பிடு தூரம். நல்லூரும் ஒரு மணி நேரத்துக்குள். அம்பாந்தோட்டைதான் இடக்கு. கதிர்காமம் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு, நடுவில் வெயில், வரிசை.

"கப்பலுக்குக் காசு கட்டிட்டு, நாள் முழுக்கக் காருக்குள்ள உட்காரணுமா?" என்றாள் மனைவி. அந்தக் கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. கப்பலிலிருந்து இறங்கி ஊர் பார்த்துத் திரும்பும் நீளமான கரைப்பயணம் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வியே அதுதான். அவள் கப்பலிலேயே இருந்துகொண்டாள்.

கப்பலில் தினமும் ராத்திரி கதவுக்கடியில் செருகும் நிகழ்ச்சித் தாளின் பின்பக்கம் நான் கணக்குப் போட்டேன். காலையிலிருந்து போட்டால் நேரம் நிறைய இருப்பதுபோல் ஏமாற்றும், அதனால் பின்னாலிருந்து ஆரம்பித்தேன். ஐந்தரைக்குக் கப்பல் கிளம்புகிறது; நாலரைக்குள் எல்லாரும் ஏறிவிட வேண்டும். காலை எட்டுக்கு இறங்கலாம். ஆக எட்டரை மணி நேரம். அதில் போக்குவரத்துக்கு மூன்று மணி நேரம், சோதனை வரிசைக்கு அரை மணி. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு ஆணி அடித்தாற்போல நிற்கிறது காலைப் பூசை, பத்தரை மணிக்கு. அடுத்த பூசை மாலையில், அதற்குள் நாம் கடலில் இருப்போம்.

கப்பலே நடத்தும் சுற்றுலாப் பேருந்தும் கதிர்காமம் போகத்தான் செய்தது. ஆனால் முதலில் திஸ்ஸமகாராம என்ற ஊரின் பௌத்தத் தூபி, பிறகு சாப்பாடு, அதற்குப் பிறகு கோயில், முக்கால் மணி நேரம். போய்ச் சேரும்போது பூசை முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அதில் ஒரு பெரிய வசதி உண்டு, மறுப்பதற்கில்லை. அவர்கள் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமே வண்டி பிடித்துப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. விட்டுவிட்டால் திருகோணமலை வரை தீவின் பாதியைச் சாலையில் கடந்துபோய் நாமேதான் கப்பலைப் பிடிக்க வேண்டும். அதனால் தனியாகப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். நிகழ்ச்சித் தாளில் அச்சாகியிருக்கும் துறைமுக முகவரின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு கவலை மட்டும் இல்லை: இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே. வேறு கடல்களில் கப்பல் கடிகாரம் ஒன்று, கரைக் கடிகாரம் ஒன்று என்று ஓடி, கப்பலைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

நான் தனி வண்டியே பேசினேன். தூரமான இடத்துக்கு நேரே போய்விடுவது, மற்றதெல்லாம் திரும்பும் வழியில், நேரம் இருந்தால். இதுதான் என் திட்டம், இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

காலையில் அந்தப் பெருமை இறங்கியது. படியில் இறங்கும் இடத்தில் கப்பல் அட்டையைக் கேட்டார்கள். அத்தையின் அட்டை, அவளுடைய விபூதிப் பைக்குள் பத்திரமாக, அறையில். நான்தான் முதல்நாள் ராத்திரி அங்கே வைத்தேன். ஏழாவது தளத்துக்கு ஏறி இறங்கி மறுபடி வரிசையில் நின்றதில் இருபத்தைந்து நிமிடம் போயிற்று. வண்டி கிளம்பும்போது எட்டு ஐம்பது.

"பயப்படாதீங்க ஐயா. பூசைக்கு முதல் சேர்த்துடுறேன்" என்றார் வழிகாட்டி. மலையகத்துத் தமிழர். அத்தை அவரை "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்து, பத்து நிமிடத்தில் அவர் பிள்ளைகளின் படிப்பு வரை விசாரித்துவிட்டாள்.

ஊரைத் தாண்டியதும் உப்பளங்கள். பிறகு புதர்க்காடு, யானைக்கான மின்வேலி. அந்த வேலிக் கம்பங்களின்மேல் மயில்கள். அத்தை எண்ண ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வரை எண்ணியவள், தோகையை ரோட்டில் இழுத்துக்கொண்டு ஒன்று குறுக்கே நடந்து, ஓட்டுநர் வண்டியை நிறுத்தி வழிவிட்டபோது எண்ணிக்கையை விட்டுவிட்டாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "அவன் வாகனம்டா, போகட்டும்" என்றாள்.

பத்து ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைகளில் அன்னாசி, பப்பாளி, வாழைப்பழம், மாம்பழம் எல்லாம் கோபுரமாக அடுக்கிச் சிவப்பு மாலை சுற்றிய தட்டுகள். ஒன்றை வாங்கிக்கொண்டு மாணிக்க கங்கைக்கு நடந்தோம். காலை நனைத்துக்கொண்டு போய்விடலாம் என்பது என் கணக்கு. அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே ஆற்றுக்குள் இறங்கினாள். கரையில் பெரிய மருத மரங்கள், அவற்றின் வேர்கள் தண்ணீருக்குள் படிபோலக் கிடக்கின்றன. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, மூன்று முழுக்கு. பக்கத்தில் ஒரு சிங்களக் கிழவி கை நீட்டி அவளைத் தூக்கிவிட்டாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. முழங்காலைத் தொட்டுக் காட்டி இருவரும் ஒரே மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மாற்றுப்புடவை கட்டி முடிக்கும்போது பத்து இருபத்தேழு.

கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குக் கதிர்காமம் முதலில் ஏமாற்றமாக இருக்கும். அகலமான மணல்வெளி, மயிலும் யானையும் புடைத்து நிற்கும் மதில், உள்ளே நம் கிராமத்து வீடு அளவுக்கு ஒரு சாதாரணக் கட்டடம். அதுதான் மகா தேவாலயம். பக்கத்தில் பிள்ளையார், பின்னால் அரசமரம், அதே வளாகத்தில் ஒரு பள்ளிவாசல். மணல் அந்த நேரத்துக்கே சுட ஆரம்பித்திருந்தது. வெள்ளுடை உடுத்த பௌத்தர்கள் தாமரை மொக்குகளோடு, நம்மவர்கள் சூடமேற்றிய தேங்காயோடு. கல்லில் தேங்காய் சிதறும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மணி அடித்தது. மேளம் எழுந்தது. வரிசை நகர்ந்தது.

கப்புறாளை வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். வாய்கட்டிப் பூசை என்று அங்கே சொல்கிறார்கள், நம் காதில் ஒரு மந்திரமும் விழாது. நாங்கள் வாசலுக்கு வந்தபோது அவர் அத்தையின் தட்டை வாங்கி, தோளால் திரையை ஒதுக்கி உள்ளே நழுவினார். திரை பழையபடி விழுந்தது. ஒரு கண நேரம்கூட இல்லை. நான் எட்டிப் பார்த்தேன், இருட்டு. அத்தை எட்டிப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தில், ஆள் கை படும் உயரத்தில், எண்ணெய் ஏறிக் கறுத்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு கைகூப்பி நின்றாள். பாதித் தட்டு திரும்பி வந்தது. பின்னால் இருந்தவர்கள் நெருக்க, நகர்ந்துவிட்டோம்.

வெளியே நிழலில் உட்கார வைத்தபோது நானாகக் கேட்டேன், திருப்தியா என்று.

"வீட்டுக்குள்ள ஆள் இருக்குன்னா சாத்தின கதவைப் பார்த்தாலே தெரியும்ல? அப்படி இருந்துச்சு" என்றாள்.

பிறகு தெய்வானை அம்மன் கோயில். அங்கே கல்யாணகிரி சுவாமி கதையை வழிகாட்டி சொன்னார். முருகனை இந்தியாவுக்குத் திரும்ப அழைத்துப் போகவென்று வடக்கேயிருந்து வந்தவராம்; வருஷக்கணக்கில் தவமிருந்து, கடைசியில் முருகனும் போகவில்லை, அவரும் போகவில்லை. "நாலரைக்கு ஏறணும்னு அவருக்கு யாரும் சொல்லலை போல" என்றாள் அத்தை, என்னைப் பார்த்து.

அவள் கேட்டது ஒன்று நடக்கவில்லை. சில கிலோமீட்டர் தள்ளிச் செல்லக் கதிர்காமம், பிள்ளையார் கோயில். கோயிலுக்கு அப்பால் உள்ள ஏழுமலைக் குன்றுக்கு ஜீப் போகும் என்றாலும் அதை அவளே வேண்டாமென்றாள். செல்லக் கதிர்காமத்தை மட்டும் இரண்டு தரம் கேட்டாள். நேரமாகிவிடும் என்று நான் வண்டியைத் திருப்பச் சொன்னேன். பன்னிரண்டு பத்து.

வழியில் திஸ்ஸ வாவிக் கரையில் சட்டித் தயிர், மேலே கித்துள் பனைப் பாகு. அதையும் அவசரமாகத்தான் சாப்பிட்டோம். துறைமுகத்துக்கு வந்தபோது மணி ஒன்று ஐம்பது. கப்பல் வெள்ளையாக அசையாமல் நின்றது. கிளம்ப இன்னும் மூன்று மணி நாற்பது நிமிடம் இருந்தது.

"இத்தனை நேரத்தை வச்சுக்கிட்டு என்னடா பண்ணப் போறே?" என்றாள் அத்தை.

எனக்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை. நீளமான கரைப்பயணம் போகலாமா என்று என்னைக் கேட்பவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான்: கதிர்காமத்துக்குத் தாராளமாகப் போகலாம், பூசை நேரம் பிடிபடுமானால். பிடிபடாதென்றால் திருகோணமலைக்குக் காத்திருங்கள். ஏழுமலை, செல்லக் கதிர்காமம், கிரி விகாரை என்ற பௌத்தத் தூபி எல்லாம் வேண்டுமென்றால் கப்பலில் வராதீர்கள், இரண்டு ராத்திரி தங்கும்படி வாருங்கள். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து உகந்தை வழியாகக் காடு கடந்து வாரக்கணக்கில் நடந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். என்னைப்போல் அதிகப்படியாகப் பயந்து ஒரு பிள்ளையாரை விட்டுவிட வேண்டாம்.

கப்பல் படியருகே இன்னொன்று காத்திருந்தது. வெட்டின பழம் உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். பிரசாதம் என்று சொல்லிப் பார்த்தேன். காவலர் பணிவாகக் கையை விரித்தார். அத்தை ஒன்றும் வாதாடவில்லை. நிழலில் ஒரு சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். ஓட்டுநருக்கு, வழிகாட்டிக்கு, அந்தக் காவலருக்கு என்று அன்னாசித் துண்டுகளை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அந்நேரம் யால ஜீப்கள் வந்து நின்றன. புழுதி படிந்த தலையோடு இறங்கிய மேஜைக்காரர், சிறுத்தை கண்ணில் படவில்லை என்றபடி கையை நீட்டினார். அத்தை மாம்பழத்தில் பெரிய கீற்றாகப் பார்த்து அவருக்கு எடுத்துவைத்தாள்.