குதிரை ஓடிய கூட்ட வீடு

பாஸ்டனில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரே ஒரு நாள் தனியாகச் சுற்றக் கிடைத்தது. நடைபாதையில் சிவப்புச் செங்கல் கோடு போட்டிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டே நடந்தால் பழைய இடங்கள் ஒவ்வொன்றாக வரும். அப்படி வந்ததுதான் ஓல்டு சவுத் மீட்டிங் ஹவுஸ்.

வெளியே பார்த்தால் சர்ச்தான். 1729-இல் இதைக் கட்டிய பியூரிட்டன்களுக்கு (கட்டுப்பாடு மிகுந்த ஒரு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு) சர்ச் என்றால் கூடுகிற ஜனங்கள், கட்டடம் வெறும் கூட்ட வீடு. அதனால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நடந்த இடத்திலேயே ஊர்ப் பஞ்சாயத்தும் நடத்த அவர்களுக்குக் கூச்சமில்லை. 1773 டிசம்பர் 16 அன்று ஆங்கிலேய அரசு போட்ட தேயிலை வரி விவகாரம் பேச சுமார் 5,000 பேர் இங்கே நெருக்கியடித்திருக்கிறார்கள். அன்று இரவே எதிர்ப்பாளர்கள் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். நம்மூரில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு!

அந்தக் கோபத்தை ஆங்கிலேயர்கள் மறக்கவில்லை. 1775-இல் பெஞ்சுகளைப் பிடுங்கி, தரையில் மண்ணைக் கொட்டி, குதிரைப்படைக்குப் பயிற்சிக்கூடம் ஆக்கினார்கள். மேலே கேலரியில் சாராயக்கடை. ஒரு பெரிய மனிதரின் வேலைப்பாடுள்ள இருக்கையைப் பெயர்த்துப் பன்றித் தொழுவத்துக்குக் கொண்டுபோனார்களாம், இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, தப்புதான். சபை திரும்பி வர 1783 ஆனது.

1872 பெரும் தீ பக்கம்வரை வந்தும் இது தப்பித்தது. அப்புறம் கொஞ்ச காலம் தபால் ஆபீஸ். சபைக்காரர்கள் புது இடத்துக்குப் போய்விட, 1876-இல் இடித்து எடுத்துக்கொள்ளச் சொல்லி 1,350 டாலருக்கு ஏலம் விட்டார்கள். கல்லும் மரமும் என்ன விலை போகுமோ, அவ்வளவுதான்! ஊர்ப் பெண்கள் கிளம்பிப் பணம் திரட்டியிருக்காவிட்டால் இன்று இந்த இடத்தில் ஏதாவது கடை இருந்திருக்கும். மேரி ஹெமன்வே என்பவர் மட்டும் 1,00,000 டாலர் கொடுத்தார்.

இப்போது மியூசியம். வெள்ளைப் பெயின்ட் அடித்த, கதவு வைத்த பெட்டி மாதிரியான இருக்கைகள் எல்லாம் பிற்காலத்தில் செய்தவை. ஒன்றுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ரயிலில் கூபே கிடைத்த மாதிரி இருந்தது, முதுகுதான் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

வெளியே வந்தால் எதிர்ப்பக்கம், இன்னும் பழமையான ஒரு செங்கல் கட்டடம், ஒரு காலத்தில் பேர்பெற்ற புத்தகக் கடை. இப்போது மெக்சிகன் ரோல் விற்கிறார்கள். திட்டிக்கொண்டேதான் வரிசையில் நின்றேன், நல்ல பசி.