பதினைந்து நாள் கணக்கு

நூறு நாள் வேலைத் திட்டத்தின் இணையதளத்தில் பல ஆண்டுகளாக ஒரு அறிக்கை உண்டு: 15 நாளுக்குள் உருவாக்கப்பட்ட கூலி, சதவீதத்தில். 'உருவாக்கப்பட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'வழங்கப்பட்ட' என்று அங்கே எழுதவில்லை. அரசின் செயல்பாட்டைத் தரவை வைத்து அளக்க நினைக்கும் எவரும் முதலில் பழக வேண்டியது இப்படிப்பட்ட சொற்களைத்தான். நாளை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள், நடுவில் எந்த நாட்களைக் கழிக்கிறார்கள் என்பது தெரியாமல் 80 சதவீதம், 95 சதவீதம் என்ற எண்களால் பயனில்லை.

கூலி போகும் வழியைப் பார்ப்போம். ஒரு வாரம் வேலை முடிந்ததும் என்.எம்.ஆர். எனப்படும் வருகைப் பதிவேடு மூடப்படுகிறது. ஓவர்சியர் வேலையை அளந்து எம்.புக் என்ற அளவுப் புத்தகத்தில் பதிகிறார். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் அது கணினியில் ஏறி, கூலிப் பட்டியலாகி, பிறகு நிதிப் பரிமாற்ற ஆணையாகிறது. எஃப்.டி.ஓ. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதில் இரண்டு பேர் மின்கையொப்பம் இட வேண்டும். இரண்டாவது கையொப்பம் விழுந்ததோடு முதல் கட்டம் முடிகிறது. அந்த ஆணை மத்திய அரசின் நிதி மேலாண்மைத் தளத்துக்குப் போய், வங்கி வழியாகத் தொழிலாளியின் கணக்கில் வரவாவது இரண்டாம் கட்டம். 15 நாளுக்குள் என்று அறிக்கை சொன்னது முதல் கட்டத்தை மட்டும். இரண்டாம் கட்டம் 10 நாள் ஆனாலும் 100 நாள் ஆனாலும் அந்தச் சதவீதம் அசையாது.

இந்தத் திட்டத்துக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டமோ வேலை செய்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் கூலி கைக்குச் சேர வேண்டும் என்றது. லிப்டெக் இந்தியா ஆய்வாளர்கள் 2016-17-ஆம் நிதியாண்டில் 10 மாநிலங்களின் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட கூலிப் பரிமாற்றங்களை எடுத்து இரண்டு கட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். உரிய காலத்தில் வந்தவை 21 சதவீதம்தான். மத்திய அரசின் பொறுப்பில் இருந்த இரண்டாம் கட்டம் மட்டும் சராசரியாக 50 நாளுக்கு மேல் தாமதமாகியிருந்தது. அவர்கள் புதிதாக எந்தத் தரவையும் திரட்டவில்லை. அரசின் அதே இணையதளத்தில் கிடந்த தேதிகளைத்தான் கடைசி வரை எண்ணினார்கள். 2017 ஆகஸ்டில் நிதி அமைச்சகத்தின் குறிப்பே இந்தத் தாமதத்தை ஒப்புக்கொண்டது. ஸ்வராஜ் அபியான் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம், இரண்டாம் கட்டத் தாமதத்துக்கு மத்திய அரசே பொறுப்பு என்றும், அதைத் தொழிலாளி தலையில் கட்ட முடியாது என்றும் தீர்ப்பளித்தது.

இந்த எண்ணும் முறை பணத்தையும் தொடுகிறது. என்.எம்.ஆர். மூடிய 16-ஆம் நாளிலிருந்து தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும், நிலுவைக் கூலியில் 0.05 சதவீதம் இழப்பீடு தர வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் விதி. தமிழ்நாட்டில் 2024-25-இல் அறிவிக்கப்பட்ட முழுக் கூலி 319 ரூபாய். 6 நாளுக்கு 1,914 ரூபாய். அதில் 0.05 சதவீதம் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 96 காசு. 60 நாள் கழித்துப் பணம் வந்தால், முதல் 15 நாள் போக 45 நாளுக்கு 43 ரூபாய். இந்தச் சிறு தொகையையும் கணினி முதல் கட்டத் தாமதத்துக்கு மட்டுமே கணக்கிட்டது. அதிலும் 'நிதி இல்லை', 'இழப்பீடு பொருந்தாது' போன்ற காரணங்களைத் தேர்ந்தெடுத்து ஒன்றிய அளவிலேயே நிராகரிக்க வழி இருந்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 1,056 கோடி ரூபாய் கூலி நிலுவையைக் கேட்டு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். எஃப்.டி.ஓ. போட்டாகிவிட்டது, பணம் இல்லை. ஒன்றிய ஊழியரை மட்டும் அளக்கும் ஒரு குறியீட்டில் அப்படிப்பட்ட மாதங்கள் குறையாகவே தெரியாது.

ஒரு ஊராட்சிக்கு இதை நீங்களே சரிபார்க்கலாம். ஏதாவது ஒரு காலாண்டில் மூடப்பட்ட 20 என்.எம்.ஆர்.களை எடுங்கள். ஒவ்வொரு என்.எம்.ஆர். பக்கத்திலும் ஆள் வாரியாகக் கூலிப் பட்டியல் எண்ணும், கணக்கில் வரவான தேதியும் இருக்கும். எஃப்.டி.ஓ. பக்கத்தில் இரண்டு கையொப்பத் தேதிகளும் இருக்கும். மூடிய தேதி, இரண்டாம் கையொப்பத் தேதி, வரவுத் தேதி என்று மூன்று பத்திகளை விரிதாளில் போட்டுக் கழித்தால் இரண்டு கட்டங்களும் தனித்தனியாக வந்துவிடும். இங்கே பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. வரவுத் தேதி வெற்றாக இருக்கும் வரிசைகளைத் 'தரவு இல்லை' என்று நீக்கிவிடுவார்கள். அந்த வெற்றிடம்தான் கூலி வராத ஆள். இன்றைய தேதி வரை எத்தனை நாள் என்று அவரையும் கணக்கில் வைக்க வேண்டும். கணக்கு முடங்கியதாலோ ஆதார் பொருந்தாததாலோ திரும்பி வந்த கூலி தனிப் பட்டியலில் இருக்கும். அதையும் சேர்க்காவிட்டால் தாமதம் பாதிதான் தெரியும்.

இதே கோளாறு பட்டா மாறுதல், சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று மனு வாங்கும் எல்லா இடத்திலும் வேறு வேறு உருவத்தில் வருகிறது. எனக்கு இதில் மிகவும் கவலை தருவது சராசரி. வட்டாட்சியர் அலுவலகங்களை 'முடிக்கப்பட்ட மனுக்களின் சராசரி நாள்' என்ற ஒற்றை எண்ணால் வரிசைப்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒரு அலுவலகம் இந்த மாதம் 70 எளிய மனுக்களைத் தலா 12 நாளில் முடிக்கிறது. உட்பிரிவு செய்ய வேண்டிய, நில அளவர் நேரில் போய் அளக்க வேண்டிய 30 மனுக்கள் 90 நாளாகக் கிடக்கின்றன. அவற்றைத் தொடாவிட்டால் சராசரி 12 நாள். உழைத்து அந்த முப்பதையும் முடித்தால் சராசரி 35 நாளைத் தாண்டிவிடும். பழைய மனுவை முடித்தவருக்குத்தான் தண்டனை. அதனால் புதியது மேலேயும் பழையது அடியிலும் போவது அலுவலகத்தின் சோம்பலால் மட்டும் நடப்பதில்லை, அளவுகோலே அப்படித் தள்ளுகிறது.

மாற்று எளிது. முடிந்த மாதத்தை வைத்து எண்ணாமல் வந்த மாதத்தை வைத்து எண்ண வேண்டும். ஏப்ரலில் வந்த மனுக்கள் மொத்தம் எத்தனை, அவற்றில் 15 நாளில், 30 நாளில், 60 நாளில், 90 நாளில் முடிந்தவை எத்தனை, இன்னும் கிடப்பவை எத்தனை. இந்த அட்டவணையில் பழையது ஒளிய இடமில்லை. சராசரிக்குப் பதில், நூறு மனுவை நாள் வரிசையில் அடுக்கினால் 50-ஆவதும் 90-ஆவதும் எத்தனையாவது நாளில் முடிந்தன என்று பாருங்கள். ஐம்பதாவது மனு வழக்கமான வேகத்தைச் சொல்லும். தொண்ணூறாவது மனு யார் விடுபடுகிறார்கள் என்பதைச் சொல்லும். உட்பிரிவு உள்ள மனுக்களுக்கும் இல்லாதவற்றுக்கும் கட்டாயம் தனித்தனி அட்டவணை வேண்டும். ஒன்றுக்கு நில அளவரும் கருவியும் வேண்டும், மற்றதற்குப் பத்திரத்தையும் பதிவேட்டையும் ஒப்பிட்டால் போதும்.

அடுத்து நாள் வாரியாக ஒரு படம் வரையுங்கள். எத்தனையாவது நாளில் எத்தனை மனு முடிந்தது என்று. கெடு 30 நாள் என்றால், 28, 29, 30-ஆம் நாட்களில் மனுக்கள் குவிந்து 31-ஆம் நாளில் சட்டென்று சரிகிறதா? இங்கிலாந்தில் உயிராபத்து அழைப்புகளில் 75 சதவீதத்துக்கு 8 நிமிடத்துக்குள் ஆம்புலன்ஸ் சேர வேண்டும் என்று இலக்கு வைத்தபோது, சில ஆம்புலன்ஸ் அமைப்புகளின் படத்தில் 8-ஆவது நிமிடத்தில் இதே குவியல் தெரிந்தது. குவியல் இருப்பதாலேயே தில்லுமுல்லு என்று முடிவுகட்ட வேண்டாம். கெடு நெருங்கும்போது வேகமாக வேலை செய்வது மனித இயல்பு. குவியலுக்குள் இருக்கும் மனுக்களில் எத்தனை நிராகரிக்கப்பட்டவை என்று பாருங்கள். முதல் 20 நாளில் முடிந்தவற்றில் நிராகரிப்பு பத்தில் ஒன்றாகவும், கடைசி மூன்று நாளில் பத்தில் ஐந்தாகவும் இருந்தால், கெடுவைக் காப்பாற்ற மனு தள்ளப்படுகிறது.

தள்ளப்பட்டவர் சும்மா இருக்க மாட்டார். மீண்டும் இ-சேவை மையத்துக்குப் போய், மீண்டும் கட்டணம் கட்டி, புது எண்ணில் மனுப் போடுவார். கணினிக்கு அது முதல் நாள். ஆகவே கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் மூன்றையும் சேர்த்து ஒரு சாவியாக வைத்து, நிராகரித்த 90 நாளுக்குள் அதே சாவியில் வந்த மனுக்களை இணைக்க வேண்டும். நாளை முதல் மனுவிலிருந்து எண்ண வேண்டும். பெயரை வைத்து இணைக்க முயலாதீர்கள். முன்னெழுத்து ஒரு முறை முன்னால், ஒரு முறை பின்னால், ஒரு முறை ஆங்கிலத்தில் என்று இருக்கும், நிறைய தப்பிவிடும். ஒரே நிலத்தில் இரண்டு வாரிசுகள் தனித்தனியாக மனுப் போட்டிருந்தால் சர்வே எண் சாவி தவறாக இணைக்கும் என்பதும் உண்மை. அந்தச் சில நூறை ஆள் வைத்துப் பார்த்துப் பிரிக்க வேண்டியதுதான்.

நடுவில் எண்ணாமல் விடும் நாட்களுக்கு நல்ல பாடம் ராஜஸ்தானின் உதய்ப்பூரில் கிடைத்தது. அங்கே சேவா மந்திர் தொண்டு நிறுவனம் துணைச் சுகாதார நிலையச் செவிலியர்களின் வருகையை நேரம் பதியும் கருவியால் கண்காணித்தது. வராதவர்களுக்குச் சம்பளம் பிடிப்பதாக மாவட்ட நிர்வாகம் ஒத்துக்கொண்டது. தொடக்கத்தில் வருகை நன்றாக உயர்ந்தது. 16 மாதத்தில், கண்காணிக்கப்பட்ட நிலையங்களுக்கும் மற்றவற்றுக்கும் வேறுபாடு இல்லாமல் போனது. பதிவேட்டில் 'வராத நாள்' கூடவில்லை. மேலதிகாரிகள் அனுமதித்த 'விலக்கு நாள்' கூடியிருந்தது.  மனு விஷயத்தில் இந்த விலக்கு நாளின் பெயர் 'கூடுதல் ஆவணம் கேட்டுத் திருப்பப்பட்டது'. திருப்பி அனுப்பிய நாட்களைக் கழித்து ஒரு கணக்கு, கழிக்காமல் ஒரு கணக்கு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் இடைவெளி ஒரு அலுவலகத்தில் மட்டும் விரிந்தால் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

கருவியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் இதே பதில்தான். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரியிலிருந்து நாளுக்கு இரண்டு புகைப்படம் செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. 2025 ஜூலையில் அமைச்சகமே சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது: தொடர்பில்லாத படங்கள், படத்தையே மறுபடி படமெடுத்து ஏற்றியவை, படத்தில் உள்ள ஆட்களும் பதிந்த எண்ணிக்கையும் பொருந்தாதவை. ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் ஆள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அலுவலகமே உண்டாக்கும் தரவை அலுவலகத்தை அளக்கப் பயன்படுத்தும்போது, இன்னொரு வழியில் வந்த தரவு ஒன்று பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

அந்த இன்னொரு வழி, பயனாளியைத் தொலைபேசியில் கேட்பது. தெலங்கானாவில் 2018-இல் ரைத்து பந்து என்ற சாகுபடி உதவித் திட்டத்தின் காசோலைகளை 57 லட்சம் விவசாயிகளுக்கு வழங்கியபோது, குலுக்கல் முறையில் தேர்ந்த மண்டலங்களின் (நம் வட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வேளாண் அலுவலர்களிடம் 'விவசாயிகளை அழைத்துக் கேட்கப் போகிறோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். அவ்வளவுதான். அந்த மண்டலங்களில் பணம் கிடைக்காத விவசாயிகளின் எண்ணிக்கை 7.8 சதவீதம் குறைந்தது. கூடுதலாகப் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆன செலவு 3.6 காசு.

இதை ஒரு மாவட்டத்தில் செய்வதானால் சில நுணுக்கங்கள் முக்கியம். அழைப்பவர் அந்த அலுவலகத்தின் ஆளாக இருக்கக் கூடாது. முடித்து வைத்த மனு, நிராகரித்த மனு இரண்டிலிருந்தும் எடுக்க வேண்டும். மனு எண் வரிசையில் இத்தனைக்கு ஒன்று என்று எடுத்தால் போதும், யாரும் கையால் தேர்ந்தெடுக்கக் கூடாது. வட்டத்துக்கு 100 பேர் பதில் சொன்னால், கிடைக்கும் சதவீதம் மேலும் கீழும் 10 புள்ளி வரை பிசகலாம். 400 பேர் என்றால் 5 புள்ளி. எனவே 100 பேரை வைத்து 72 சதவீத வட்டத்தை 68 சதவீத வட்டத்துக்கு மேலே வரிசைப்படுத்துவது நியாயமில்லை. கேள்வி மூன்று போதும்: கேட்டது கையில் கிடைத்ததா, எத்தனை முறை அலுவலகம் போனீர்கள், கட்டணம் தவிர வேறு பணம் கொடுக்க நேர்ந்ததா. எண் தவறு, வேறு ஆள் என்று வரும் அழைப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள். பத்து மனுவில் ஒரே கைபேசி எண் இருந்தால் அது மனு ஏற்றியவரின் சொந்த எண்ணாக இருக்கலாம். அப்படியானால் மனுதாரருக்குக் குறுஞ்செய்தி எதுவுமே போகவில்லை.

இந்தத் தரவை அதிகாரியின் பெயரோடு ஒட்டும் இடத்தில் மிகுந்த நிதானம் வேண்டும். ஐ.ஏ.எஸ். போன்ற அகில இந்தியப் பணிகளுக்கான 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகள், ஒருவருடைய வேலையைக் குறைந்தது மூன்று மாதம் பார்த்தவர்தான் அறிக்கை எழுதலாம் என்கின்றன. டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் வேண்டும் என்றது. எட்டு மாதத்தில் மாற்றப்படும் வட்டாட்சியரின் பெயரில், அவருக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன மனுக்களை ஏற்றினால் அது அளவீடே ஆகாது. பொறுப்பேற்ற அன்று கிடந்தவை, அதற்குப் பின் வந்தவை என்று இரண்டாகப் பிரியுங்கள். மூன்று கிராமங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கும் வி.ஏ.ஓ.வையும் ஒரே கிராமம் பார்ப்பவரையும் மனு எண்ணிக்கையால் ஒப்பிடாதீர்கள். காலிப் பணியிடங்களுக்கு ஒரு பத்தி வையுங்கள். ஒரு வட்டத்தில் நில அளவர் பணியிடம் பாதி காலி என்றால், அந்த வட்டத்தின் தாமதத்துக்கு விடை சொல்ல வேண்டியவர் ஆளெடுக்காத துறை. சீர்திருத்தம் என்று பேசுகிறவர்கள் கடைநிலை ஊழியரின் நாளை எண்ணும் அதே துல்லியத்தோடு, மேலே காலியிடம் நிரப்ப ஆன நாளையும் நிதி விடுவிக்க ஆன நாளையும் எண்ண வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தரவு இணையத்தில் இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. 'எத்தனை மனு முடிக்கப்பட்டது' என்று கேட்டால் அதே மாதாந்திரத் தாள்தான் வரும். மனு வாரியாக இந்தப் பத்திகளைக் கேளுங்கள்: மனு எண், வகை, கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், பெற்ற தேதி, ஒவ்வொரு மேசைக்கும் போன தேதி, திருப்பிய தேதி, முடித்த தேதி, முடிவு, காரணம். மின்கோப்பாக வேண்டும் என்று 2(ஜே) பிரிவைக் குறிப்பிடுங்கள், அச்சிட்ட ஆயிரம் பக்கத்தை வைத்து எதையும் கணக்கிட முடியாது. பெயரையும் கைபேசி எண்ணையும் கேட்காதீர்கள். தனிப்பட்ட விவரம் என்று 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மொத்தத்தையும் மறுக்க அது வாய்ப்பாகிவிடும். சர்வே எண்ணுக்கும் அதே காரணம் சொல்லப்பட்டால், இ-சேவை மையத்தில் ஏற்றும் ஒவ்வொரு மனுவுக்கும் 'இதே நிலத்துக்கு முன்பு மனு வந்துள்ளதா, ஆம் அல்லது இல்லை' என்ற ஒரு பத்தியை மட்டும் கேட்டால்கூட மறுமனுக்களைப் பிரித்துவிடலாம்.