கேமராவைத் திறக்க ஒரு மாலை, அதைச் சொல்ல ஏழு மாதம்

மூடியைக் கழற்ற மூன்று திருகுகள்தான். உள்ளே இருந்த பலகையில் எட்டுக் கால்கள் வைத்த ஒரு கறுப்புச் சில்லு. அதுதான் ஃப்ளாஷ் நினைவகம். அதன் மேல் கிளிப்பைக் கவ்வவிட்டு, மறுமுனையை லேப்டாப்பில் செருகிக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் 16 எம்பி கோப்பு ஒன்று வந்து விழுந்தது. அதன் தொடக்கத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் படிக்கும்படி இருந்தது. மற்றதெல்லாம் குழம்பிக் கிடந்த எண்கள். கேமராவை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைக் குறியாக்கம் செய்து வைத்திருந்தார்கள்.

இது 2023 பிப்ரவரியில். நான் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்பில் ஆய்வு மாணவன். வீட்டில் மாட்டும் கேமராக்களில் என்னென்ன ஓட்டைகள் இருக்கின்றன என்று தேடுவது என் வேலை.

படிக்க முடிந்த அந்தச் சிறு பகுதி பூட்லோடர். கேமராவுக்கு மின்சாரம் கிடைத்ததும் முதலில் ஓடுவது அதுதான். மற்றதைத் திறக்கும் சாவியும் அதற்குள்தான் இருந்தாக வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை நிலைப்படி மேலேயே வைத்துவிட்டுப் போன மாதிரி. கையை நீட்டப் போன நேரத்தில், பக்கத்து மேசையில் இருந்த சீனியர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அங்கேயே நிறுத்து. 1201 பத்தி யாராவது உனக்குச் சொன்னாங்களா?"

யாரும் சொல்லியிருக்கவில்லை.

1998 அக்டோபரில் பில் கிளின்டன் கையெழுத்திட்ட டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டத்தில் வரும் பிரிவு அது. பதிப்புரிமை உள்ள ஒரு படைப்புக்குப் போட்ட தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதே சட்ட மீறல் என்கிறது. உடைத்த பிறகு நகலெடுத்தீர்களா, விற்றீர்களா என்பதெல்லாம் தனிக் கேள்வி. படத்தையும் பாட்டையும் திருடுகிறவர்களை மனதில் வைத்து வந்த சட்டம்தான். ஆனால் மென்பொருளும் பதிப்புரிமை உள்ள படைப்பு. அதனால் யாரும் திருட்டு நகல் எடுக்க ஆசைப்படாத ஒரு கேமராவின் ஃபர்ம்வேரும் அந்த வலையில் வந்து மாட்டுகிறது. பூட்டு சொத்தைப் பூட்டுதானே என்று வாதிடலாமா? 2000-இல் டிவிடி பூட்டு வழக்கில் 40 பிட் சாவி பலவீனமானது என்று வாதாடிப் பார்த்தார்கள். நியூயார்க் நீதிமன்றம் ஏற்கவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து பழைய கதைகளைப் படித்தது தப்பு. திமித்ரி ஸ்க்லியாரோவ் என்ற ரஷ்ய நிரலாளர் 2001 ஜூலையில் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டுக்கு வந்தார். மின்னூல்களின் பூட்டைப் பற்றிப் பேசினார். ஊர் திரும்பும் முன் கைது. அவர் வேலை பார்த்த நிறுவனத்தை 2002 டிசம்பரில் ஜூரிகள் விடுவித்தார்கள். அதற்குள் அவர் சிறையில் சில வாரங்களும் அந்நிய மண்ணில் சில மாதங்களும் கழித்துவிட்டார். இந்தப் பிரிவில் லாப நோக்கத்தோடு வேண்டுமென்றே செய்தால் முதல் தடவைக்கே ஐந்து ஆண்டுச் சிறை, 5 லட்சம் டாலர் அபராதம் வரை போகலாம். எனக்கு லாப நோக்கம் இல்லை, சரி. ஆனால் நான் மாணவர் விசாவில் இருப்பவன். வழக்கு என்ற சொல்லே போதும், தூக்கம் போய்விடும்.

மறுநாள் பேராசிரியரிடம் போனேன். பல்கலைக்கழகச் சட்டப் பிரிவில் பேசிவிட்டுத் தொடரச் சொன்னார். நேரம் கிடைக்க ஆறு வாரங்கள். அந்த ஆறு வாரமும் கோப்பு என் லேப்டாப்பில் அப்படியே கிடந்தது. திறந்து பார்க்கக்கூட பயம்.

ஏப்ரலில் ஒருவழியாக வழக்கறிஞரைப் பார்த்தேன். ஃபர்ம்வேர், பூட்லோடர் என்று விளக்கப் படமெல்லாம் வரைந்துகொண்டு போயிருந்தேன். அவர் முதலில் கேட்டது: ரசீது இருக்கிறதா?

அது ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. 1201-க்குள்ளேயே பாதுகாப்புச் சோதனைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் அது கருவியின் உரிமையாளர் அனுமதியைக் கேட்கிறது, அதன் வரம்புகளும் தெளிவில்லை; ஆய்வாளர்கள் பலர் நம்பி நிற்கத் தயங்கிய ஒன்று. நடைமுறையில் உதவுவது வேறு. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மனுக்களைக் கேட்டுப் பரிந்துரைக்கும், காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் தற்காலிக விலக்குகளை அறிவிப்பார். நல்லெண்ணத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆய்வுக்கு ஓரளவு பரவலான விலக்கு 2015-இல்தான் வந்தது. அதையும் பெரும்பாலான கருவிகளுக்கு ஓராண்டு தள்ளிப்போட்டு, 2016 அக்டோபரில்தான் நடைமுறைக்கு விட்டார்கள். 2018-லும் 2021-லும் சில கட்டுகளைத் தளர்த்தினார்கள். அதில் நிற்க வேண்டுமானால் கருவி முறையாக வாங்கியதாக இருக்க வேண்டும், யாருக்கும் தீங்கு வராதபடி சோதிக்க வேண்டும், கிடைத்த விவரம் முதன்மையாகப் பாதுகாப்புக்குப் பயன்பட வேண்டும், அது திருட்டு நகலுக்கு உதவக் கூடாது. அதனால்தான் ரசீது.

ரசீதை எடுத்துக் காட்டினேன். அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டேன். கேமராவை இயக்க ஆப்பை நிறுவினாயா, அதில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தினாயா?

அழுத்தியிருந்தேன். யார்தான் படிக்கிறார்கள்? மென்பொருளைப் பிரித்து ஆராய மாட்டேன் என்று அதில் ஒரு வரி இருந்தது. பதிப்புரிமை விலக்கு ஒப்பந்த மீறலுக்குக் குடை பிடிக்காது என்றார் அவர். புதிதாக ஒன்று வாங்கு, ஆப் பக்கமே போகாதே, தேதி போட்டுக் குறிப்பேடு எழுது. இவ்வளவுதான் அறிவுரை. நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆறு வாரம் காத்திருந்தது இந்த நாற்பது நிமிடத்துக்குத்தான்.

இரண்டாவது கேமரா வந்தது. பெட்டியைப் பிரித்ததிலிருந்து ஒவ்வொன்றையும் படமெடுத்தேன். வெளி இணையம் இல்லாத தனி ரௌட்டரில் இணைத்தேன். சாவி நினைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு மாலையில் ஃபர்ம்வேர் திறந்துவிட்டது. உள்ளே எட்டு எழுத்தில் ஒரு கடவுச்சொல், நிரலிலேயே எழுதிவைத்தது. பழைய கேமராவிலும் அதே எட்டு எழுத்து. ஒரே வைஃபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அதைக் கொடுத்துப் படத்தைப் பார்க்கலாம். படுக்கையறையில், தொட்டிலுக்கு மேலே மாட்டுகிற சாமான் இது.

மே மாதம் நிறுவனத்துக்கு எழுதினேன். மூன்று வாரம் சத்தமில்லை. அப்புறம் பதில் வந்தது, பொறியாளரிடமிருந்து இல்லை, ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து. ஒப்பந்த மீறல், வணிக ரகசியம், 1201 என்று மூன்றையும் அடுக்கி, எதையும் வெளியிடக் கூடாது என்றிருந்தது. கடவுச்சொல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வயிற்றைக் கலக்கியது. விசாத் தாளை எடுத்துக் காலாவதித் தேதியைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பல்கலைக்கழக வழக்கறிஞர் ஒன்றரைப் பக்கத்தில் பதில் அனுப்பினார். விலக்கின் வாசகம், இரண்டாவது கேமராவின் ரசீது, குறிப்பேட்டின் நகல். கூடவே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயங்கும், பாதுகாப்பு ஓட்டைகளைப் பற்றி ஆய்வாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும் நடுவில் நிற்கும் செர்ட் ஒருங்கிணைப்பு மையத்திலும் பதிவு செய்தோம். தகவல் கிடைத்த 45 நாட்களில் விவரத்தை வெளியிடுவது அவர்களின் வழக்கம். நடுவில் அவர்கள் வந்ததும் குரலே மாறிவிட்டது. நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் நேரடியாகப் பேசினார். நல்ல மனிதர். என் முதல் மடலை அவர் பார்த்ததே இல்லையாம். ஆகஸ்டில் புதிய ஃபர்ம்வேர் வந்தது.

எல்லாம் முடிந்தது என்று கட்டுரையை அனுப்பக் கிளம்பினால், வழக்கறிஞர் இரண்டு பக்கங்களைச் சிவப்பில் சுழித்து அனுப்பியிருந்தார். குறியாக்கத்தை நீக்க நான் எழுதிய 60 வரி ஸ்கிரிப்ட் அது. விலக்கு, உடைக்கும் செயலுக்கு மட்டும்தான். உடைக்கும் கருவியைப் பிறருக்குக் கொடுப்பதைத் தடுக்கும் உட்பிரிவு தனி. அதில் விலக்குத் தர நூலகத் தலைவருக்கே அதிகாரம் இல்லை. என் ஸ்கிரிப்ட் அந்த வகையில் வருமா என்று வாதாடலாம். ஆனால் வாதாடிப் பார்க்கும் துணிச்சல் விசாவில் இருப்பவனுக்கு எங்கே? நீக்கிவிட்டேன்.

எனக்கு வலித்தது இங்கேதான். சிறை, அபராதம் எல்லாம் காகிதத்தில் இருப்பவை. கட்டுரையிலிருந்து காணாமல் போன வரிகள் நிஜம். அவை இருந்தன என்றே யாருக்கும் தெரியாது. பெரியவர்களுக்கே இது நடந்திருக்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன், இசைக் கோப்புகளுக்குள் மறைத்து வைக்கும் அடையாளமான நீர்க்குறி பற்றிய கட்டுரையை 2001 ஏப்ரலில் திரும்பப் பெற்றார். ஆகஸ்டில்தான் வாசிக்க முடிந்தது. 2005-இல் சோனி பிஎம்ஜி குறுந்தகடுகளில் நகல் தடுப்பு என்ற பெயரில் கணினியைத் திறந்துவிடும் மென்பொருள் இருந்ததே, அவரும் அவருடைய மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மேனும் அதன் ஓட்டைகளை அறிந்தும், வழக்கறிஞர்களைக் கலந்து பேசியதில் சில வாரங்கள் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அந்த வாரங்களிலும் தகடுகள் விற்றுக்கொண்டுதான் இருந்தன. இந்தப் பிரிவு பேச்சுரிமைக்கு எதிரானது என்று குறியாக்கவியல் பேராசிரியர் மேத்யூ கிரீனும் வன்பொருள் பொறியாளர் ஆண்ட்ரூ ஹுவாங்கும் 2016-இல் போட்ட வழக்கு 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது.

கட்டுரை செப்டம்பரில் வெளிவந்தது. அடுத்த வாரமே வேறொரு பல்கலைக்கழக மாணவி எழுதினாள்: முடிவுகளைச் சரிபார்க்க வேண்டும், ஸ்கிரிப்ட் கிடைக்குமா? கொடுக்க முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. நான்காம் பக்கத்தில் சாவி எந்த வகை இடத்தில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன், மீதியை நீயே எழுதிக்கொள்ளத்தான் வேண்டும் என்று எழுதினேன். கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: கேமராவை உன் பெயரில் வாங்கு, ரசீதைத் தூக்கிப் போடாதே, ஆப்பைத் தொடவே தொடாதே.