டப்ஸ்டெப் சண்டை

டப்ஸ்டெப் என்ற மின்னணு நடன இசையைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது அமெரிக்க இசைக்கலைஞர் ஸ்க்ரில்லெக்ஸ்தான். மெதுவாக ஏறி, சட்டென நின்று, அப்புறம் இயந்திரம் அலறுவதுபோல் ஒரு டிராப், அதாவது தாளம் முழு பலத்தோடு வந்து விழும் இடம். பழைய ரசிகர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், "அது டப்ஸ்டெப்பே இல்லை" என்று ஒரே போடாகப் போடுவார்கள்.

அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இந்த இசை 2000களின் தொடக்கத்தில் தென் லண்டனில், குறிப்பாகக் குராய்டன் பக்கம் உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஸ்க்ரீம், பெங்கா எல்லாம் அப்போது பதின்வயதுப் பையன்கள். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 140 துடிப்பு. ஆனால் ஸ்னேர் டிரம்மின் அடி நான்கில் மூன்றாவது துடிப்பில் மட்டும் விழுவதால் பாதி வேகத்தில் நடப்பதுபோல் இருக்கும். நடுவில் நிறைய வெற்றிடம். அதை நிரப்புவது அடிமட்ட பேஸ், அதாவது மிகத் தாழ்ந்த ஒலி. காதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அது அதிகம் தெரியும். ஃபோன் ஸ்பீக்கரில் வரவே வராது. பாதிச் சண்டைக்கு இதுவே காரணம் என்பேன். ஃபோனில் கேட்பவருக்கு டிஜிட்டல் மிஸ்டிக்ஸ் இரட்டையரில் ஒருவரான மாலாவின் இசை காலியாகத் தெரியும், ஸ்க்ரில்லெக்ஸின் அலறல் மட்டும் பளிச்சென்று கேட்கும்.

ஆனாலும் ஸ்க்ரில்லெக்ஸ் பாணிக்கு 'ப்ரோஸ்டெப்' என்று ஏளனமாகப் பெயர் வைத்துப் புதியவர்களை விரட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. 2010க்குப் பிறகு அந்த அலறலைக் கேட்டு உள்ளே வந்து, பின்னோக்கித் தேடி மாலாவிடம் போய்ச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். இன்னும் கேட்காதவர்கள் நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு டிஜிட்டல் மிஸ்டிக்ஸ் கேளுங்கள். கேட்டுவிட்டு எப்படி இருந்தது என்று இங்கேயே சொல்லுங்கள், பேசுவோம்.