கட்டணம் தெரியும், கைச்செலவு தெரியாது

செவிலியர் படிப்பில் சேர விரும்பும் மாணவியர் என்னிடம் முதலில் கேட்பது ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கட்டணம் முன்கூட்டியே தெரிந்த தொகை. கடன், உதவித்தொகை, சலுகை என்று அதற்கு ஏதோ ஒரு வழி பிறக்கும். விருதுநகர் மாவட்டத்தில் அச்சகத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்து பி.எஸ்சி. நர்சிங் முடித்த எனக்கு, நெருக்கடி பெரும்பாலும் கட்டண ரசீதில் இடம்பெறாத செலவுகளிலிருந்தே வந்தது. பணம் கைக்கு வரும் காலமும் அதைக் கொடுத்தாக வேண்டிய காலமும் ஒத்துப்போகவில்லை என்பதே அந்த நான்கு ஆண்டுகளின் உண்மையான சிக்கல்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தது 2021இல். கொரோனாவால் பொதுத்தேர்வு நடக்காத ஆண்டு அது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் 50 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்பில் 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டில் 30 என்று கணக்கிட்டே மதிப்பெண் கொடுத்தார்கள். பி.எஸ்சி. நர்சிங்கிற்கு நீட் தேவைப்படவில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்களைக் கொண்டு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு தரவரிசை வெளியிட்டுக் கலந்தாய்வு நடத்தியது. சென்னை, மதுரை, சேலம், செங்கல்பட்டு போன்ற ஊர்களின் அரசுக் கல்லூரிகளில் இடங்கள் குறைவு. அவை எனக்கு எட்டவில்லை. தனியார் கல்லூரி ஒன்றில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தது. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகிய மூன்றையும் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்திருந்தோம். ஒரு சான்றுக்கு 60 ரூபாய்தான். இருந்தாலும், கலந்தாய்வு நெருங்கியபின் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடப்பவர்கள் இழக்கும் கூலியைக் கணக்கில் சேர்த்தால், முன்னேற்பாட்டின் அருமை விளங்கும்.

அரசுப் பட்டப்படிப்பு இடம் கிடைக்காதவர்கள் உடனே தனியார் கல்லூரியை நோக்கி ஓட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அரசு மருத்துவமனைகளோடு இணைந்த செவிலியர் பள்ளிகளில் மூன்றாண்டு டிப்ளமோ படிப்பு இருக்கிறது. அதை முடித்தவர்களும் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்துகொண்டு, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நிரப்பும் செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். பிறகு இரண்டு ஆண்டுகள் படித்துப் பட்டமும் பெறலாம். ஆனால் எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான தேர்வில் டிப்ளமோக்காரர்களுக்கு இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். வீட்டில் கடனுக்கே இடமில்லை என்றால் இந்த வழியைத் தாழ்வாக எண்ண எந்தக் காரணமும் இல்லை.

தனியார் கல்லூரியில் சேருவதாக இருந்தால், அந்தக் கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் வார்டு போஸ்டிங்கிற்காக, அதாவது நோயாளிகளை நேரில் கவனித்துப் பழகும் பயிற்சிக்காக, மாணவியரை நாள்தோறும் பேருந்தில் வேறு மருத்துவமனைகளுக்கு அழைத்துப் போவார்கள். அந்தப் பேருந்துக் கட்டணமும், பயிற்சிக்காக மருத்துவமனை கேட்கும் தொகையும் கடைசியில் நம் தலையில்தான் விழும். சீருடை, ரெக்கார்டு நோட்டு, மாணவர் செவிலியர் சங்கச் சந்தா, விளக்கேற்றும் விழாவுக்கான வசூல் எல்லாம் சொல்லப்பட்ட கட்டணத்தில் அடக்கமா, தனியா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. அப்படி வாங்கிய கட்டண விவரக் கடிதம் வங்கிக்கும் தேவைப்படும்.

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பித்தேன். நான்கு லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். ஆனால் கடன் தொகை வங்கியிலிருந்து நேராகக் கல்லூரிக்குப் போய்விடும். வார்டுக்குப் போகும் மாணவியின் கையில் அதில் ஒரு ரூபாயும் தங்காது. என் அறைத் தோழிக்கு ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை இருந்தது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு அது பெரிய துணை. ஆயினும் கல்வியாண்டு முடியும் தறுவாயில்தான் பணம் வந்தது. அதுவரை கல்லூரி பொறுக்குமா என்பதைச் சேரும்போதே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மாதந்தோறும் கையில் புரண்ட ஒரே பணம் புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மற்ற உதவித்தொகைகள் இருந்தாலும் இது கிடைக்கும். ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று சிரித்த உறவினர்கள் உண்டு. மாதக் கடைசியில் வீட்டுக்குப் போன் செய்து பணம் கேட்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்பதை அவர்களுக்கு விளக்க நான் முயலவில்லை.

செலவை உண்மையில் ஆட்டிவைத்தது வருகை விதிதான். தேர்வெழுத வகுப்பிலும் செய்முறையிலும் 80 விழுக்காடு வருகை வேண்டும். பட்டம் பெறுவதற்குள் வார்டுப் பயிற்சியில் 100 விழுக்காடும் நிறைவு செய்திருக்க வேண்டும். காய்ச்சலால் விட்டுப்போன வார்டு நாளை விடுமுறையில் வந்து ஈடுகட்ட வேண்டும். மற்றவர்கள் ஊருக்குப் போயிருக்கும் அந்த நாட்களுக்கும் விடுதியில் சாப்பாட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். உடம்புக்கு முடியாமல் போனால் மருந்துச் செலவோடு இந்தச் செலவும் சேர்ந்துகொள்ளும். அதனால் காலைச் சாப்பாட்டை விட்டுச் சேமிக்கும் பழக்கத்தை முதல் பருவத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஊசி தவறிக் குத்தினால் தொற்றக்கூடிய கல்லீரல் நோயான ஹெப்படைட்டிஸ் பி-க்கான தடுப்பூசியின் மூன்று தவணைகளையும், அதாவது முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று என, ஊசி குத்தும் பயிற்சி தீவிரமாகும் முன்பே முடித்தேன். பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர்கள் வார்டு அட்டவணையைப் பார்த்ததில்லை என்று பொருள்.

அடுத்து, சார்ட்டுகள். நோயாளிகளுக்கு நலக்கல்வி அளிக்கும் ஒவ்வொரு முறையும் சார்ட், ஃபிளாஷ் கார்டு, சில நேரங்களில் மாடல் என்று புதிதாகச் செய்து காட்ட வேண்டும். சர்க்கரை நோயாளியின் பாதப் பராமரிப்பைப் பற்றி வண்ண அட்டையில் எழுதிப் பத்து நிமிடம் பேசிவிட்டு, மதிப்பெண் வாங்கியபின் அதைக் கட்டிலுக்கு அடியில் போட்டு வைப்பதில் கல்வி எவ்வளவு, காகிதக் கடைக்காரரின் வருமானம் எவ்வளவு என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. நாங்கள் நால்வர் சேர்ந்து அட்டை, ஸ்கெட்ச் பேனா, பசை ஆகியவற்றைப் பொதுவில் வாங்கினோம்; ஒரு அட்டையின் இரு பக்கத்தையும் பயன்படுத்தினோம். புத்தகங்களைப் பொறுத்தவரை மூத்த மாணவியரிடம் பாதி விலைக்கு வாங்கியவை போக, மருத்துவ அறுவைச் செவிலியத்துக்கான கனத்த தொகுதிகளை நூலகத்திலேயே படித்தேன். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாள்கள் செலவில்லாமல் கிடைக்கும். தமிழ்வழியில் படித்து வந்த எனக்கு, உடற்கூறியலின் ஆங்கிலப் பெயர்களை எந்த அளவு விரிவாக எழுத வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுத்தவை அவைதாம்.

சேரும்போது எவரும் சொல்லாத பெரிய செலவு மனநலச் செவிலியப் பயிற்சி. பல மாவட்டங்களின் கல்லூரிகளைப் போலவே எங்கள் கல்லூரியும் இதற்காகச் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்பியது. 1794இல் தொடங்கிய பழைய நிறுவனம் அது. பயணம், தங்குமிடம், சாப்பாடு அனைத்தும் மாணவியரின் பொறுப்பு. மூத்தவர்கள் முன்பே எச்சரித்ததால் அரையாண்டுக்கு முன்னரே சிறுகச் சேர்க்கத் தொடங்கினோம். சென்னையில் ஒரே அறையில் நெருக்கியடித்துத் தங்கினோம். ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் தந்த அம்மா உணவகத்தை நம்பியே பெரும்பாலான நாட்களைக் கடத்தினோம். பயிற்சி என்ற முறையில் நான்கு ஆண்டுகளில் நான் அதிகம் கற்றுக்கொண்டது அங்கேதான். உறவினர் எவரும் வராமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழ்பவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு எந்த சார்ட்டும் தேவைப்படவில்லை.

எட்டாம் பருவம் முழுவதும் இன்டர்ன்ஷிப். அது முடிந்ததும் சென்னை சாந்தோமில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும்; பதிவு எண் இல்லாமல் முறையான வேலை கிடைக்காது. ஆகவே அதற்கான கட்டணத்தையும் பயணச் செலவையும் கடைசிப் பருவத்திலேயே தனியாக எடுத்து வைத்தேன். கடனைத் திருப்பிச் செலுத்துவது படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தொடங்கும். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அதுவரையிலான வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டு. ஆனால் அதற்கான வருமானச் சான்றை நாமே வங்கியில் கொடுத்து, மானியம் கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டதா என்று ஆண்டுதோறும் கணக்கு அறிக்கை வாங்கிப் பார்க்க வேண்டும்.